வாசகர் கேள்வி – பதில்: கோடரியும் வாய்ச்சியும் செதுக்கிய உத்தரங்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பழைய ஓட்டு வீடுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அவ்வீடுகளின் உத்தரங்களிற் பல இரம்பத்தால் அறுக்கப்பட்டவை அல்ல, கோடரியாலும், வாய் பிடிக்குக் குறுக்காக அமைந்த செதுக்குக் கருவியான வாய்ச்சியாலும் செதுக்கப்பட்டவை என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்தப் பகுதி முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: கீழக்கரையில் உள்ள எங்கள் பாட்டனார் வீட்டின் ஓட்டைப் பிரித்துப் புதுப்பித்து வருகிறோம். மேலே கிடக்கும் உத்தரங்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரு முழ இடைவெளியில் குறுக்குக் கீறல்களும், அவற்றுக்கு நடுவே மீன் செதில் அடுக்கியதுபோல் ஆழமில்லாத பள்ளங்களும் காணப்படுகின்றன. வேலையை எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரர், "பூச்சி அரித்த மரம், கழற்றிவிட்டு இரும்புச் சட்டம் போட்டுவிடலாம்" என்கிறார். கழற்றத்தான் வேண்டுமா, ஐயா?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள், அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் பூச்சி இட்டவை அல்ல, தச்சர் இட்டவை. உருண்டை மரத்தைச் சதுரமாக்கும்போது முதலில் கோடரியால் குறுக்கே இடைவெளி விட்டுக் கொத்திக்கொண்டு போவார்கள். பிறகு, ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடைப்பட்ட மரத்தைப் பிளந்து தள்ளுவார்கள். குறித்த கோட்டைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆழமாக இறங்கிவிட்ட கொத்துகள்தாம் இன்று நீங்கள் பார்க்கும் குறுக்குக் கீறல்கள். அதற்குமேல் வாய்ச்சியைக் கொண்டு மேடு பள்ளத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். அடுக்கடுக்கான சிறு பள்ளங்கள் அந்த வாய்ச்சியின் தடம். ஒவ்வொரு பள்ளமும் ஒரே திசையில் சரிந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் விளக்கொளி விழும்படி வைத்துப் பாருங்கள். செதுக்கியவர் மரத்தின் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு நகர்ந்து போனார் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

பூச்சியின் வேலை வேறு மாதிரி இருக்கும். குண்டூசித் தலை அளவுக்கு வட்டமான துளைகளும், துளைக்குக் கீழே மாவுபோல் உதிர்ந்த தூளும் இருந்தால் அது வண்டு. மண்ணால் கட்டிய மெல்லிய குழாய் சுவரிலிருந்து மரத்துக்கு ஏறியிருந்தால் அது கறையான். இரண்டும் இல்லை என்றால், திருப்புளி ஒன்றை எடுத்து உத்தரத்தின் அடிப்பக்கத்திலும் பக்கங்களிலும் அழுத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த மரம் முனையை உள்ளே விடாது. சிறு சுத்தியால் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும் பொக்கான இடத்தில் மந்தமாகவும் ஓசை மாறும்.

நான் உண்மையில் கவலைப்படுவது சுவருக்குள் புகுந்திருக்கும் முனைகளைப் பற்றித்தான். நம் கடற்கரையின் பழைய சுவர்களிற் பல பவளப்பாறைக் கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனவை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் தெரியும். (பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், பழுது பார்ப்பதற்குங்கூட அந்தக் கல்லை இன்று எடுக்க முடியாது.) அந்தக் கல்லிலும் காரையிலும் உப்பு ஏறியிருக்கும், உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே உத்தரத்தின் நடுப்பகுதி இரும்பாக இருக்க, சுவருக்குள் கிடக்கும் ஒரு சாண் மட்டும் இற்றுப்போயிருப்பது இங்கே சாதாரணம். முனையைச் சுற்றியுள்ள பூச்சை உடைத்துப் பாருங்கள். இற்றிருந்தால் முழு உத்தரத்தையும் கழற்ற வேண்டியதில்லை. நல்ல மரம் தொடங்கும் இடத்தில் ஒரு தூணோ, சுவரிலிருந்து நீளும் கல் தாங்கியோ கொடுக்கலாம். அல்லது கெட்ட முனையை மட்டும் வெட்டி நீக்கிப் புதுத் துண்டைச் சாய்வாகச் சேர்த்து இணைக்கலாம். மரவேலை அறிந்த பொறியாளர் ஒருவரை அழைத்து, கழற்றுவதா தாங்கு கொடுப்பதா என்பதை அவர் பார்த்த பின் முடிவு செய்யுங்கள். புதிய முனையைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குக் காற்று இடைவெளி விடச் சொல்லுங்கள். சிமெண்டால் இறுக்கி அடைப்பதே மறுபடியும் இற்றுப்போவதற்கு வழி.

இரும்புச் சட்டம் கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கீழக்கரைக் காற்றில் அது துருப்பிடிக்காமல் இருக்க இடைவிடாமல் வண்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். தலைமுறைகளாக நின்ற மரத்தை எடுத்துவிட்டு அந்தப் பாட்டை விலைக்கு வாங்குவானேன்? இன்னொன்று: அழகுக்காக அந்த உத்தரங்களை இழைப்புளியாலோ இயந்திரத்தாலோ வழவழப்பாக்க யாரேனும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தூரிகையால் தூசியைத் தட்டி, துணியால் துடைத்து, எண்ணெய் பூசினால் போதும்.

கேள்வி: நான் தச்சுத் தொழிலை இயந்திரப் பட்டறையில் கற்றவன். கடந்த மழையில் எங்கள் தோட்டத்து வேம்பு ஒன்று சாய்ந்துவிட்டது. கிளை கழித்த அடிமரம் 12 அடி நீளம், மெலிந்த முனையில் 14 அங்குலக் குறுக்களவு. அதை அறுவை ஆலைக்கு ஏற்றாமல், நானே கோடரியால் செதுக்கி மாட்டுக் கொட்டகைக்கு உத்தரமாக்க ஆசைப்படுகிறேன். எந்த வரிசையில் செய்ய வேண்டும்?
— ஓர் இளைஞர், தொண்டி

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள்: தாமதிக்காதீர்கள், தம்பி. ஈரம் உள்ள மரத்தில்தான் கோடரி நன்றாக இறங்கும். வேம்பு காய்ந்துவிட்டால் அதே வேலைக்குக் கையும் தோளும் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும்.

மரத்தைத் தரையில் வைத்துச் செதுக்கக் கூடாது. முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி இரண்டு குறுக்குக் கட்டைகளைப் போட்டு, அவற்றில் பள்ளம் வெட்டி, மரத்தை ஏற்றி, உருளாமல் ஆப்பு வைத்து இறுக்குங்கள். இரு முனையும் வளைந்த இரும்புக் கொக்கிகள் கொல்லரிடம் கிடைத்தால் மரத்தையும் கட்டையையும் சேர்த்து அடித்துக்கொள்வது இன்னும் நல்லது. எந்த மரமும் முழுக்க நேராக இராது. அந்த வளைவு மேல்நோக்கி நிற்கும்படி வையுங்கள். அப்போது மேலிருந்து பார்க்கையில் மரம் நேராகத் தெரியும், பக்கக் கோடுகளும் நேராக விழும். கொட்டகையில் ஏற்றும்போதும் அந்த முதுகு மேலேயே இருக்கட்டும். பாரம் அழுத்த அழுத்த அது மட்டத்துக்கு வரும்.

அடுத்தது முனைகளில் வரைவது. எல்லாரும் சதுரமாகவே செதுக்க நினைக்கிறார்கள். 14 அங்குல வட்டத்துக்குள் அடங்கும் பெரிய சதுரம் 10 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. ஆனால் உத்தரத்துக்குச் சதுரம் ஏற்ற வடிவம் அன்று. ஓர் உத்தரத்தின் அகலத்தை இரட்டித்தால் அதன் வலிமை இரண்டு மடங்காகும், உயரத்தை இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். ஆகவே உயரம் கூடிய செவ்வகமே வேண்டும். வட்டத்துக்குள் மிக வலிய செவ்வகத்தைக் கணக்குப் போடாமலேயே காணும் முறை ஒன்று உண்டு. மெலிந்த முனையில், தூக்குக்குண்டின் நூலுக்குச் சாய்வாக, மையத்தின் வழியே ஒரு குறுக்குக்கோடு போட்டு அதை மூன்று சம பாகமாக்குங்கள். முதற்புள்ளியிலிருந்து ஒரு பக்கமும், இரண்டாம் புள்ளியிலிருந்து எதிர்ப்பக்கமும் மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாகக் கோடு இழுத்தால் அவை வட்டத்தை இரண்டு இடங்களில் தொடும். அந்த இரண்டு இடங்களையும் குறுக்குக்கோட்டின் இரு நுனிகளையும் சேர்த்துவிட்டால் உங்கள் செவ்வகம் கிடைத்துவிடும். உங்கள் மரத்தில் அது ஏறத்தாழ 8 அங்குல அகலமும் 11½ அங்குல உயரமும் கொண்டதாக வரும். சதுரத்தைவிட 6 விழுக்காடு குறைந்த மரத்தில், 9 விழுக்காடு அளவுக்குக் கூடுதல் வலிமை. சாய்வை மட்டும், செவ்வகத்தின் நீண்ட பக்கம் தூக்குக்குண்டின் நூலோடு ஒத்து நிற்கும்வரை சரிசெய்துகொள்ளுங்கள். பருத்த முனையிலும் அதே அளவுச் செவ்வகத்தைத் தூக்குக்குண்டு பார்த்தே வரையுங்கள். இரண்டு முனையிலும் செங்குத்து ஒத்துப்போகாவிட்டால் உத்தரம் முறுக்கிக்கொண்டு வரும், அதைப் பின்னால் திருத்த முடியாது.

பட்டையை நன்றாகச் சீவி எடுத்துவிட்டு நூல் போடுங்கள். சிரட்டைக் கரியை அரைத்துக் குழைத்த நீரில் நூலைத் தோய்த்து, இரு முனையிலும் இறுக்கிப் பிடித்து, நடுவில் இரண்டு விரலால் நேர் மேலே தூக்கி விட வேண்டும். சற்றே பக்கவாட்டில் இழுத்து விட்டாலும் வளைந்த மேனியில் கோடு நழுவி விழுந்துவிடும்.

பிறகு கோடரி. கோட்டுக்கு வெளிப்புறத்தில், ஒரு முழத்துக்கு ஒன்றாக, கோட்டைத் தொடும் ஆழம்வரை குறுக்கே கொத்திக்கொண்டு போங்கள். கோட்டை எட்டுவதற்கு ஒரு நூல் முன்பே நிறுத்துவது நல்ல பழக்கம். இரண்டு கொத்துகளுக்கு இடையே நிற்கும் துண்டை, நாரின் போக்கிலேயே கோடரியால் ஓங்கி அடித்தால் அது மொத்தையாகப் பிளந்து விழும். இங்கேதான் வேம்பு தொல்லை கொடுக்கும். அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால், தேக்கைப்போல் நேராகப் பிளக்காமல் சில இடங்களில் உள்ளே பறித்துக்கொண்டு இறங்கும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் சிறு சிராய் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிளவு வெளியே ஓடினால் அதே திசையில் தொடரலாம். உள்ளே இறங்கினால் எதிர்த்திசையிலிருந்து அடிக்க வேண்டும், கொத்துகளையும் சாண் இடைவெளிக்கு நெருக்கிக்கொள்ள வேண்டும். கடைசியாக, கோட்டின் மேல் நிற்கும் மேட்டை வாய்ச்சியால் எடுத்துவிட்டு, தூக்குக்குண்டைப் பக்கத்தில் பிடித்து மட்டம் பார்த்து, மரத்தைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

இனிச் சொல்வதை இக்கடிதத்தின் முதன்மையான பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பக்கம் செதுக்க வேண்டும்? உருண்டையாக இருந்த மரத்தின் தாங்கும் வலிமையை 100 என்று வைத்தால், அதிலிருந்து செதுக்கிய சதுரத்துக்கு 60தான் மிஞ்சும், மேலே சொன்ன செவ்வகத்துக்கு 65. ஆக, கோடரி எடுத்துத் தள்ளும் ஒவ்வொரு சிராயும் உத்தரத்தின் வலிமையிலிருந்து கழிவதுதான். ஓட்டைத் தாங்கச் சாய்வாகப் போடும் கைமரங்கள் உட்கார மேற்பக்கம் தட்டையாக வேண்டும், தூணின் தலையில் அமரும் இடத்தில் அடிப்பக்கம் தட்டையாக வேண்டும், பலகையோ தட்டியோ சேரும் பக்கம் தட்டையாக வேண்டும். மற்ற இடங்களில் மரத்தை அதன் உருளையிலேயே விட்டுவிடலாம். பழைய வீடுகளில் மேலும் கீழும் மட்டும் செதுக்கி, பக்கங்களைப் பட்டை சீவிய வளைவோடே விட்டிருப்பதைப் பார்த்து அரைகுறை வேலை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அரைகுறை வேலை அன்று. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. மாட்டுக் கொட்டகைக்கு உங்களுக்கும் அதுவே போதும் என்பது என் கருத்து. பட்டையையும் அதன் கீழுள்ள வெள்ளைப் பகுதியையும் மட்டும் தாராளமாக நீக்குங்கள். பூச்சிக்கு அதுதான் தீனி.

செதுக்கி முடித்த அன்றே இரு வெட்டுமுகங்களிலும் சாணத்தைக் குழைத்துக் கனமாகப் பூசிவிடுங்கள். ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறுவதால்தான் முனைகள் வெடிக்கின்றன. நிழலில், தரையைத் தொடாமல், காற்றோட்டமாகக் கிடக்கட்டும். மையத்தை உள்ளடக்கிய முழு மரம் காயும்போது வெடிப்பு விடாமல் இராது. பக்கத்திலிருந்து மையத்தை நோக்கி, நீளவாக்கில் ஓடும் வெடிப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். சாய்வாக ஓடி அடிவிளிம்பை அறுத்துக்கொண்டு வெளியேறும் வெடிப்புதான் ஆபத்து.

கோடரி வீச்சின் எல்லைக்குள் உங்களைத் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது. வெறுங்காலோடு செய்யாதீர்கள். நழுவிய கோடரி அடுத்துச் சென்று விழும் இடத்தில் உங்கள் கால் இல்லாதபடி, மரம் எப்போதும் உங்களுக்கும் கோடரிக்கும் நடுவில் இருக்கும் நிலையில் நில்லுங்கள்.

கேள்வி: இதே முறையில் பனையையும் சதுரமாகச் செதுக்கலாமா? எங்கள் கொல்லையில் முதிர்ந்த பனைகள் நிற்கின்றன.
— ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: கூடாது, ஐயா. பனையைச் சதுரமாகச் செதுக்குவது அதன் வலிமை முழுவதையும் சிராயாக்கி அடுப்புக்குக் கொடுப்பதாகும். வேம்புக்கும் தேக்குக்கும் வைரம் உள்ளே, பனைக்கு வைரம் வெளியே. தொல்காப்பிய மரபியல் அகத்தே காழ் (வைரம்) உடையவற்றை மரம் என்றும் புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் வகுத்திருப்பது தச்சருக்கும் பொருந்தும் வகைப்பாடு. பனையின் கருநார் செறிந்த வெளிவளையம் சில அங்குலக் கனமே இருக்கும், உள்ளே இருப்பது மென்மையான சோற்றுப் பகுதி. ஆகவே பனையைச் செதுக்கும் முறை தலைகீழானது. அடிமரத்தை நீளவாக்கில் ஆப்புகள் அடித்துப் பிளந்து, ஒவ்வொரு கீற்றிலிருந்தும் உட்புறச் சோற்றை வாய்ச்சியால் வழித்து எடுத்துவிட்டு, வெளிப்புறத்தில் பட்டையைச் சீவும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் ஓட்டு வீடுகளில் கறுத்து மின்னும் பனங்கைகள் இப்படிப் பிறந்தவையே. நுனிப் பகுதியில் வைரம் குறைவு, அடிப்பகுதியே கைமரத்துக்கு உதவும். நாரின் முனை ஊசிபோல் கையில் ஏறும். ஏறினால் எளிதில் வராது. கெட்டியான கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நிற்கும் பனையை நீங்களாக வெட்ட முடியாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அந்த அறிவிப்பை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். பதநீரும் நுங்கும் ஓலையும் தந்து, மணற்காட்டையும் பிடித்து நிறுத்தும் மரம் அது. ஒரு கைமரத்துக்காக அதைச் சாய்க்கலாமா? பழைய வீடு இடிக்கும் இடங்களில் பனங்கைகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் நல்லவற்றைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீமைக் கருவேலத்தில் உத்தரம் செதுக்கலாமா? அதை வெட்டுவதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்களே!
— ஒரு விவசாயி, சாயல்குடி

பதில்: நல்ல மரம், ஆனால் நீளம் போதாது. கனமும் உறுதியும் உண்டு, காயும்போது சுருக்கமும் குறைவு. நம் மாவட்டத்தில் அது கரிமூட்டத்துக்கே போவதில் எனக்கு வருத்தம்தான். இருந்தும், வளைந்து கிளைத்து வளரும் மரத்தில் ஓர் உத்தரத்துக்குரிய நேர் நீளம் கிடைப்பது அரிது. குட்டைத் தூண், மர ஆணி, ஆப்பு, கொட்டாப்புளி ஆகியவற்றுக்குச் செதுக்குங்கள். வெள்ளைப் பகுதியை ஒட்ட நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு துளைக்கும். முள் குத்தினால் வீங்கிச் சீழ் வைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: என் தகப்பனார் காலத்தில் நாட்டுப்படகுக்கு வாங்கிய மரங்களைத் தேடித் தேடிக் கோணலாகவே வாங்குவார்கள் என்று அம்மா சொல்கிறார். நேர் மரத்தை அறுத்து வளைத்துக்கொள்ளலாமே? மரத்தைக் கடலிலேயே ஊறப்போட்டார்கள் என்றும் சொல்கிறார்கள், அது உண்மையா?
— ஒரு மீனவர், மண்டபம்

பதில்: படகின் உள்ளே, வயிற்றின் வளைவுக்குத் தக்கபடி குறுக்கே நிற்கும் கால்களுக்காகத்தான் கோணல் மரம். நேர்ப்பலகையில் வளைவாக வெட்டி எடுத்தால் நார் நடுவில் அறுபட்டு நிற்கும். அலை அடிக்கும்போது அந்த அறுபட்ட இடத்தில்தான் அது உடையும். வளைந்தே வளர்ந்த கிளையில் நாரும் வளைவோடு சேர்ந்தே ஓடுவதால் எங்கும் அறுபடுவதில்லை. அதனால்தான் நாட்டுக் கருவேலம், வாகை, வேம்பு, பூவரசு ஆகியவற்றின் கவட்டையையும் கோணலையும் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள்.

இந்த வேலையை இரம்பம் செய்யாது, வாய்ச்சிதான் செய்யும். பாக் நீரிணைக் கரையில் ஒரு படகுப் பட்டறையில், வயது முதிர்ந்த தச்சர் ஒருவர் அப்படி ஒரு காலைச் செதுக்குவதை நெடுநேரம் நின்று பார்த்தேன். மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, கருவேலத் துண்டை இடது பாதத்தின் குதிகாலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெருவிரலைச் சற்றே மேலே தூக்கியிருந்தார். வாய்ச்சி ஒவ்வொரு தடவையும் அந்த விரலுக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. நான்கைந்து கொத்துக்கு ஒருமுறை துண்டைத் தூக்கிப் படகின் பலகையோடு ஒட்ட வைத்து, எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்து, தெரியாத இடத்தில்தான் மறுபடியும் செதுக்கினார். பலகையில் முட்டிக்கொண்டிருக்கும் மேடு அங்கேதானே இருக்கிறது! அளவுகோலை அவர் தொடவே இல்லை. அந்தத் தேர்ச்சி இல்லாத யாரும் அவர் உட்கார்ந்த முறையில் உட்கார்ந்து செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஊறப்போடுவது உண்மை. ஈரத்தில் ஊறும்போது மரத்திலுள்ள மாவுச்சத்து கரைந்து வெளியேறும், வண்டுக்கு வேண்டிய உணவு போய்விடும். ஆனால் அதற்கு ஊருணியும் கண்மாய்ச் சேறும் ஏற்றவை, திறந்த கடல் ஏற்றதன்று. கடல்நீரில் மரத்தைத் துளைத்து வாழும் கப்பல் புழு, வெளியே சிறு துளை மட்டும் தெரிய, உள்ளே மரம் முழுவதையும் சல்லடையாக்கிவிடும். மரப்படகுகளை அவ்வப்போது கரையேற்றிக் காயவைத்து எண்ணெய் பூசியதற்கும் அந்தப் புழுவே காரணம்.

கேள்வி: பாரிசு நகரத்தின் நோத்ர தாம் பேராலயத்துக் கூரையை மறுபடியும் கோடரியால் செதுக்கிய மரங்களைக் கொண்டே கட்டினார்கள் என்று படித்தேன். இத்தனை இயந்திரங்கள் இருக்கையில் அது வெறும் பழமைப் பற்றுத்தானா? செதுக்கிய மரம் அறுத்த மரத்தைவிட உண்மையிலேயே வலிமையானதா?
— ஒரு கல்லூரி மாணவி, இராமநாதபுரம்

பதில்: நீங்கள் படித்தது சரியே, மகளே. 2019 ஏப்ரல் 15 அன்று பற்றிய தீயில், பெரும்பகுதி 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்தக் கூரையின் ஓக் மரச் சட்டங்கள் எரிந்துபோயின. மறுபடியும் கட்டியபோது, ஈரம் காயாத ஓக் மரங்களைக் கையால் அடித்த கோடரிகளைக் கொண்டு தச்சர்கள் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது.

பழமைப் பற்று அதில் இருக்கிறது. அதை நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. முற்றிலும் நேரான மரமாக இருந்தால், அறுத்தாலும் செதுக்கினாலும் வலிமையில் சொல்லத்தக்க வேறுபாடு இராது. சற்றே வளைந்தோடும் மரத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது. இரம்பத்துக்கு நாரின் போக்கு தெரியாது. அது தன் நேர்க்கோட்டில் நாரை அறுத்துக்கொண்டே போகும். கோடரியால் செதுக்குபவர் மரத்தின் நெளிவோடு தாமும் நெளிந்து போக முடியும். இதனால் நார் முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓடுகிறது. செதுக்கிய மேனியில் அறுபட்ட நார்முனைகள் குறைவாக இருப்பதால் மழைநீரும் சற்றுக் குறைவாகவே உள்ளே இறங்கும். ஒழுகும் கூரையின் கீழ் எந்த மரமும் தப்பாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அங்குள்ள தச்சர்கள் கடைசிப் பரப்பையும் கோடரியாலேயே எடுக்கிறார்கள். அதற்கென்று, ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய அகன்ற வாய்க் கோடரி அவர்களிடம் உண்டு. மரத்தின் பக்கவாட்டில் நின்று செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சீவுவார்கள். நம் ஊரில் கோடரி பிளப்பதோடு விலகிக்கொள்ளும், பரப்பை எடுப்பது வாய்ச்சி.

இரம்பத்துக்கும் உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு மரத்திலிருந்து பல பலகைகள் வேண்டுமானால் அறுப்பதே அறிவு. செதுக்கினால் பாதி மரம் சிராயாகிவிடும். ஒரு மரத்துக்கு ஓர் உத்தரம் என்று எடுக்கும்போதுதான், அதுவும் வேண்டிய கனத்துக்கு நெருங்கிய மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான், கோடரியின் முறை சிக்கனமாகிறது.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஒரு வாய்ச்சி வாங்கினேன். வாய் மழுங்கிக் கிடக்கிறது. மின்சாணையில் பிடிக்கலாமா? பிடிக்கு எந்த மரம் போடுவது?
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: மின்சாணையில் வாயை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலம் பாயும். அப்படிப் பாய்ந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த வாய் பிறகு நிற்காது. பெரிய பற்கள் விழுந்திருந்தால் மட்டும் மின்சாணையில் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்து, ஒவ்வொரு தொடுதலுக்கும் நீரில் தோய்த்துக்கொள்ளுங்கள். மீதியைக் கைச்சாணையில் நீர் தெளித்துத் தீட்டுவதே நல்லது. வாய்ச்சிக்குச் சரிவு ஒரு பக்கம்தான், பிடியை நோக்கிய உட்புறத்தில். தீட்ட வேண்டியது அந்தச் சரிவை மட்டுமே. மரத்தின் மேல் படிந்து ஓடும் வெளிப்புறத்தில், தீட்டி முடித்ததும் எழும் பிசிறை எடுப்பதற்காகக் கல்லைத் தட்டையாக வைத்து ஒருமுறை இழுத்தால் போதும். அங்கேயும் சரிவு வைத்துவிட்டால் வாய்ச்சி மரத்தில் படியாமல் துள்ளும். பிடிக்கு விடத்தலையோ புளியோ போடுங்கள். நார் பிடியின் நீளவாக்கில் முனைவரை ஓடுகிறதா என்று பார்த்து, காய்ந்த துண்டாக எடுத்து, வாய்ச்சியின் கண்ணில் இறுக ஏற்றி, ஆப்பு அடித்து, ஓங்குமுன் ஒவ்வொரு முறையும் பிடி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.